கோணலில்லாத கூடம்

மூன்று மாதத்தில் அந்தச் சோபா பதினோரு முறை இடம் மாறியிருந்தது. முதலில் ஜன்னலோரம் இருந்தது. பிறகு சமையலறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. ஒரு வாரம் கூடத்தின் நட்டநடுவில் நின்றது. வீட்டுக்கு வந்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எங்கே போனாலும் அதன் முகம் மட்டும் ஸ்பீக்கர் இருக்கும் சுவரைப் பார்த்தபடியே இருந்தது. அதைத் தள்ளித் தள்ளித் தரையில் விழுந்த கோடுகளை அவன் மனைவி எண்ணி வைத்திருந்தாள், என்றைக்காவது சொல்லிக்காட்ட உதவும் என்று.

வேலை செய்யும் இடத்தில் அவனுக்கு உச்சாணி என்று பேர். முப்பது மாடி உயரத்தில், கோபுரக் கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பதினேழு வருஷமாகச் சாமான் தூக்கி இறக்குகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? சொந்தக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். மனைவிக்கு மட்டும் எப்போதும் ‘என்னங்க’தான்.

மேலே கூண்டில் பாட்டுக்கு அனுமதி இல்லை. வாக்கி-டாக்கியில் கீழிருந்து வரும் குரலைத் தவிர வேறு எதுவும் காதில் விழக்கூடாது. அதனால் மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும், கை கால் கழுவிவிட்டு, ஒரு மணி நேரம் பாட்டு. அவனுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் அதுதான் என்று மாமியார் வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அந்தப் பாட்டில்தான் ஒரு நாள் ஓட்டை விழுந்தது.

அவன் அதை அப்படித்தான் சொன்னான். வலது பக்கம் மத்தளமும் பாஸ் கிடாரும் நெஞ்சுக்குள் இறங்குகிறது. இடது பக்கம், ஜன்னல் இருக்கும் பக்கம், யாரோ அடியை வெட்டி எடுத்துவிட்ட மாதிரி வெறும் மேல்சத்தம் மட்டும் தகரமாய்க் கேட்கிறது. ஜன்னல் வழியாகச் சத்தம் ஓடிப்போகிறது என்று முடிவு கட்டினான். ஜன்னலைச் சாத்தினான். கனத்த திரை வாங்கி மாட்டினான். விருந்தாளிகளுக்கு வைத்திருந்த மெத்தையை எடுத்து ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்தான். வீடு பட்டப்பகலில் இருட்டானதுதான் மிச்சம்.

பிறகு ஒரு சப்வூஃபர் வந்தது, அடிச்சத்தத்தை மட்டும் கொட்டுகிற ஸ்பீக்கர். ஊரை விட்டுப் போகிற ஒருவர் விற்ற பழைய பெட்டி, குட்டி அலமாரி அளவு, கறுப்பு. ஜன்னல் மூலையில் அதை வைத்து முதல் பாட்டைப் போட்டதும் சமையலறையில் பாத்திர மூடிகள் கிடுகிடுவென்று ஆடின. குளியலறைக் கண்ணாடி முனகியது. சோபாவில் உட்கார்ந்திருந்தவனுக்கு மட்டும் ஜன்னல் பக்கம் அதே ஓட்டை.

பத்தாவது நிமிடம் கீழ்வீட்டு நர்ஸ் அம்மா மேலே வந்தார். இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டுப் பகலில் தூங்குகிறவர். கோபமாகப் பேசத் தெரியாத மனுஷி. கட்டிலோடு சேர்ந்து தன் பல்லும் ஆடுகிறது என்றும், உங்கள் வீட்டில் பாஸ் கொஞ்சம் ஜாஸ்தி என்றும் சொன்னார். உச்சாணியின் மனைவி கதவைப் பிடித்தபடி, இந்த வீட்டில் பாஸ் நான்தான், நான் இனிமேல் அடக்கமாக இருக்கிறேன் என்று சிரித்து அனுப்பி வைத்தாள். கதவைச் சாத்திய பிறகு சிரிக்கவில்லை.

அவள் தையல்காரி. கடையில் வாங்கிய உடுப்புகளை ஆளுக்குத் தகுந்தபடி பிரித்துத் தைப்பது அவள் வேலை. உள்ளறையில் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அவன் சோபாவை இழுக்கும்போதெல்லாம் மிஷின் ஒரு நிமிடம் நிற்கும், பிறகு ஓடும். அந்த நிறுத்தத்திலேயே அவள் சொல்ல வேண்டியதெல்லாம் இருந்தது. அவனுக்கும் அது புரிந்தது. ஆனால் குட்டி போட்ட பூனை மாதிரி ஓரிடத்தில் கால் தரிக்காமல் அலைந்தான். உட்கார்ந்தால் ஓட்டை கேட்டது. எழுந்து நடந்தால் தேடத் தோன்றியது.

கடைசியில் அவள் தன் தம்பியை வரச் சொன்னாள். அவன் போன், ஸ்பீக்கர், ரேடியோ எல்லாம் பழுது பார்க்கிறவன். எந்தப் பொருளையும் முழுச் சத்தத்தில் வைத்துத்தான் சோதிப்பான் என்பதால் குடும்பத்தில் அவனுக்கு வால்யூம் என்று பேர். பேச்சும் அதே அளவுதான்.

வால்யூம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தோளில் பையோடு வந்தான். பையிலிருந்து சோப்பு டப்பா அளவில் ஒரு சின்னப் பெட்டியையும், பென்சில் மாதிரி ஒல்லியான ஒரு மைக்கையும் எடுத்து மேசையில் வைத்தான்.

“பெரிய பெரிய ஸ்டுடியோக்காரங்க மட்டும் வச்சிருந்த வித்தை மாமா இது. இப்ப ஒரு நல்ல ஜோடி ஷூ வெலைக்கு வருது. ஸ்பீக்கரைக் குத்தம் சொல்லாதீங்க. ரூமுதான் சத்தத்தைத் தின்னுது, ரூமுதான் வாந்தி எடுக்குது.”

சோபாவில் உச்சாணியின் தலை இருக்கும் உயரத்தில் மைக்கை நிறுத்திக் கட்டினான். மடிக்கணினியில் ஏதோ தட்டினான். சப்வூஃபரிலிருந்து காதுக்கு எட்டாத ஓர் உறுமல் கிளம்பி, மெல்ல மெல்ல மேலேறி, ஊ என்று ஊளையிட்டு நின்றது. திரையில் ஒரு கோடு விழுந்தது. அதில் ஒரு பெரிய மேடு, பக்கத்தில் ஒரு பள்ளம், பிறகு சின்னச் சின்ன முண்டும் முடிச்சும்.

கூடத்தின் நீள அகலத்துக்குத் தகுந்தபடி சில ஆழ்ந்த சத்தங்கள் சுவருக்கும் சுவருக்கும் முட்டி மோதிப் பெருத்துவிடும் என்றும், சில இடங்களில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு செத்துவிடும் என்றும் வால்யூம் விளக்கினான். பாத்திர மூடியை ஆட்டியதும் நர்ஸ் அம்மாவின் பல்லை ஆட்டியதும் அந்த மேடுதான். அதை இந்தச் சின்னப் பெட்டி வெட்டிவிடும். பள்ளத்தைப் பெட்டியால் நிரப்ப முடியாது. எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும். அதற்கு சப்வூஃபரை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும்.

எந்த இடம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. சப்வூஃபரைத் தூக்கிச் சோபாவின் மேல் வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, ஆள் தரையில் தவழ்ந்து சுவரோரமாகவே போக வேண்டும். எங்கே சத்தம் ஒழுங்காகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வைக்க வேண்டும். மாமனும் மச்சானும் முழங்கால் தேயத் தவழ்ந்தார்கள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி அவள் உள்ளறையிலிருந்து வந்து பார்த்தாள். என்ன தொலைந்துபோனது என்று கேட்டாள். பாஸைத் தேடுகிறோம் என்றான் தம்பி. பாஸ் இங்கே நிற்கிறேன், எழுந்திருங்கள் ரெண்டு பேரும் என்றாள். அன்றைக்கு மூவரும் நன்றாகச் சிரித்தார்கள்.

அலமாரிக்கும் கதவுக்கும் நடுவே இடம் கிடைத்தது. மறுபடி அளந்தார்கள். பள்ளம் மேலேறியிருந்தது. பாட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் சின்னப் பெட்டியைக் கோத்து மேட்டை வெட்டினார்கள். திரையில் கோடு, இஸ்திரி போட்ட மாதிரி படுத்தது. பாட்டைப் போட்டதும் அவள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். பாத்திரங்கள் அசையவில்லை; ஆனால் பாட்டின் அடியில் ஒருவர் நடந்து வருகிற மாதிரி ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்டது. இவ்வளவு நாள் இது எங்கே இருந்தது என்றாள். இரண்டு நாள் கழித்து நர்ஸ் அம்மா மாடிப்படியில் பார்த்து, சத்தமே இல்லையே, வெளியூர் போயிருந்தீர்களா என்று விசாரித்தார்.

உச்சாணி மட்டும் சோபாவில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டான். ஜன்னல் பக்கம் ஓட்டை அப்படியே இருந்தது.

அடுத்த மூன்று வாரம் மைக் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. ஷிப்ட் முடிந்து வந்ததும் அளந்தான். சாப்பாட்டுக்கு முன் அளந்தான், பின் அளந்தான். இருபத்தேழு கோடுகளைத் தேதி போட்டுச் சேமித்தான். எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று படுத்தன. மைக்கை ஜன்னல் பக்கம் ஒரு சாண் நகர்த்தினாலும் அதே கோடு. மச்சானைப் போனில் கூப்பிட்டு, மைக் கெட்டுப்போயிருக்கும் என்றான். வால்யூம் வேறொரு மைக் கொண்டுவந்து காட்டினான். அதுவும் அதையே வரைந்தது. கிளம்பும்போது அவன் பழமொழி ஒன்றை எடுத்துவிட்டான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தையே நிமிர்த்திக் கொடுத்தாயிற்று, இனி நான் என்ன செய்ய? அக்கா முறைத்த முறைப்பில் அந்த வால்யூம் கொஞ்சம் குறைந்தது.

மனைவியிடமும் மச்சானிடமும் சொல்லாத ஒன்று உச்சாணியிடம் இருந்தது. அது மேலே, கூண்டில் நடந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, கம்பிக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிரேனின் கையைத் திருப்பிக்கொண்டிருந்தான். திருப்புவதை நிறுத்திய பிறகும் உலகம் திரும்பிக்கொண்டே இருந்தது. இரண்டு மூச்சு நேரம்தான். லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டு இருக்கையைப் பிடித்துக்கொண்டான். கம்பிக் கட்டு அந்தரத்தில் தொங்கியது. கீழே நின்று சைகை சொல்கிறவர் மீசை என்று பேர் வாங்கியவர். பதினோரு வருஷமாக இவன் கொக்கிக்குக் கீழே நிற்கிறார். ஏன் நிறுத்தினாய் என்று அவர் ரேடியோவில் கேட்டார். காற்று என்றான். காற்றுமானியின் முள் தூங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. காது அடைத்த மாதிரி இருக்கிறது, சளியாக இருக்கும். உள்ளே எங்கோ லாரி நின்று இரைகிற மாதிரி ஒரு சத்தம், மேலே காற்றில் உட்கார்ந்தே பழகியதால் இருக்கும். வாக்கி-டாக்கியை எப்போது வலது காதுக்கு மாற்றினான் என்று அவனுக்கே நினைவில்லை. காரணம் கண்டுபிடிப்பதில் அவன் கெட்டிக்காரன். அதனால்தான் ஜன்னலை விடாமல் பிடித்துத் தொங்கினான்.

இருபத்தெட்டாவது கோட்டை அளந்த அன்று மனைவியைக் கூப்பிட்டான். உட்கார், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்கிறதா, சரியாகச் சொல் என்றான். அவள் ஊசியைச் சேலையில் குத்திக்கொண்டு உட்கார்ந்து, ஒரு பாட்டு முழுக்கக் கண்ணை மூடிக் கேட்டாள். ஒரே மாதிரிதான் கேட்கிறது என்றாள். அவன் எரிந்து விழுந்தான். கேட்கத் தெரிந்தால்தானே என்றான். அவள் எழுந்து போய் சமையலறையிலிருந்து முக்காலியைக் கொண்டுவந்து சோபாவுக்கு முன்னால் போட்டாள்.

“இதுல உட்காருங்க. ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி.”

“எதுக்கு?”

“உட்காருங்களேன்.”

உட்கார்ந்தான். இப்போது அவனுடைய வலப்பக்கம் ஜன்னல், இடப்பக்கம் சமையலறை. அதே பாட்டை அவள் மறுபடி போட்டாள்.

ஜன்னல் பக்கம் மத்தளம் நிறைந்து கேட்டது. அடி அடியாக, உருண்டையாக, ஒரு குறையும் இல்லாமல். ஓட்டை சமையலறைப் பக்கம் போயிருந்தது.

சட்டென்று எழுந்தான். ஸ்பீக்கரைப் பார்த்து நின்றான். ஓட்டை ஜன்னலுக்குத் திரும்பியது. மறுபடி திரும்பினான். அவனோடு சேர்ந்து அதுவும் திரும்பியது. மூன்றாவது தடவை திரும்பும்போது முக்காலி காலில் தட்டி விழுந்தது. பாட்டை நிறுத்தியது அவள்தான்.

“தோள் ஒரு பக்கம் இறங்கினவங்க வருவாங்க,” என்றாள். “சட்டை கோணல்னு சண்டை போடுவாங்க. நானும் ரெண்டு தடவை பிரிச்சுத் தைப்பேன். மூணாவது தடவை ஆளை நிமிர்த்தி வச்சு அளப்பேன்.”

அவன் முக்காலியை எடுத்து நிமிர்த்தி வைத்தான். பிறகு, கூண்டில் நடந்ததைச் சொன்னான். முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை அவள் அசையவில்லை.

“சொன்னா இறக்கிடுவாங்க,” என்றான் கடைசியில். “பதினேழு வருஷம். தரையில எனக்கு என்ன தெரியும்?”

“கீழ நிக்கிறவருக்கு இது தெரியுமா?”

அவன் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். மெத்தையை ஜன்னலிலிருந்து எடுத்தான். வைக்க இடம் தெரியாமல் அங்கேயே சாய்த்தான். செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போனான், முனைவரை நடந்தான், திரும்பி வந்தான். உள்ளறையில் மிஷின் ஓடவே இல்லை.

மறுநாள் காலை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. தலை தெளிவாக இருந்தது. காது கூடக் கொஞ்சம் திறந்திருந்தது. கிரேன் ஏணியின் முதல் படியில் கையை வைத்தபோது உடம்பு முழுக்க ஏறு, ஏறு என்றது. ஒரு நாள் பார்க்கலாம். தலை சுற்றியிருந்தாலாவது சுலபமாக இருந்திருக்கும். ஒன்றுமே இல்லாத உடம்போடு எப்படி இறங்கி நிற்பது?

மூன்று படி ஏறினான். கீழே மீசை தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டு, வழக்கம்போலத் தன் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். ஏணியில் ஏறுகிறவனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பதினோரு வருஷமாகப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. உச்சாணி மூன்று படியையும் இறங்கி அவர் பின்னால் போனான்.

“அண்ணே, அந்தச் செவ்வாக்கிழமை காத்து இல்ல.”

மீசை வாரை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார்.

“தெரியும்,” என்றார். “என் பீடிப் புகை நேரா மேல போச்சு.”

“அப்ப ஏன் மறுபடி கேட்கல?”

“ரெண்டு நாள் நான் தள்ளித்தான் நின்னேன். அப்புறம், நீயே சொல்லுவேன்னு வந்து நின்னேன்.”

இருவரும் சேர்ந்துதான் சூப்பர்வைசரிடம் போனார்கள். அவர் திட்டவுமில்லை, தட்டிக்கொடுக்கவுமில்லை. ஒரு படிவத்தை எடுத்து நிரப்பினார். அன்று கிரேன் நின்றது. அதன் கை காற்றுக்குத் தகுந்தபடி தானே அசையட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

காது டாக்டரின் அறைக்குள் இன்னொரு சின்ன அறை இருந்தது, கனத்த கதவோடு. உள்ளே உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வெளியே வந்ததும் தாளில் இரண்டு கோடு இருந்தது. டாக்டர் வாயைத் திறப்பதற்குள் உச்சாணி அதைப் படித்துவிட்டான். மூன்று மாதமாக வேறென்ன வேலை பார்த்தான்? வலது கோடு நேராக ஓடியது. இடது கோடு ஆழ்ந்த சத்தங்களின் பக்கம் தொய்ந்து கிடந்தது. உள்காதில் இருக்கும் நீர் சில பேருக்குக் கூடிப்போகும் என்றார் டாக்டர். காது அடைக்கும், இரையும், சில நாள் தலை சுற்றும், சில நாள் ஒன்றுமே இருக்காது. உப்பைக் குறைக்கச் சொல்லி மாத்திரை எழுதினார். போன காது திரும்புமா என்று மனைவிதான் கேட்டாள். வரும், போகும் என்றார். உயரத்தில் வேலை இப்போதைக்குக் கிடையாது. எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

வேறொரு கட்டடத்திலிருந்து ஒரு பெண் ஆபரேட்டரை மாற்றி அனுப்பினார்கள். முப்பது வயசு இருக்கும், அளந்து பேசுகிறவள். உச்சாணியைத் தரையில் மீசையோடு நிறுத்தி, சைகை சொல்லும் வேலையைப் பழக விட்டார்கள். தரையில் அவனுக்கு எல்லாம் தப்பாக இருந்தது. கட்டடம் தலைமேல் சாய்கிற மாதிரி இருந்தது. மேலிருந்து பார்த்தால் உள்ளங்கை போலத் தெரிந்த இடம், கீழே சந்து பொந்தாக இருந்தது. கால் மாற்றி மாற்றி நின்றான்.

ஆறாவது வாரம், ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணி. ஜன்னல் சட்டங்கள் அடுக்கிய ஓர் இரும்புக் கூடை மேலே போய்க்கொண்டிருந்தது. ரேடியோ அவன் கையில். “இன்னும் ஒரு மீட்டர், மெதுவா, மெதுவா,” என்று சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு இடது காதில் இரைச்சல் பெருத்தது. அடுத்த நொடி தரை எழுந்து நின்றது. மணலில் விழுந்தான். விழுந்த பிறகும் விழுந்துகொண்டே இருந்தான். கண்ணைத் திறந்தால் எல்லாம் ஒரே பக்கமாக ஓடியது; மூடினால் அவனே ஓடினான். வாந்தி எடுத்தான்.

குரல் நின்றால் கிரேன் நிற்க வேண்டும் என்பது விதி. மேலே அந்தப் பெண் ஆபரேட்டர் அந்த நொடியே நிறுத்தினாள். கூடை அசையாமல் தொங்கியது. மீசை அவன் கையிலிருந்து ரேடியோவை வாங்கி, ஆட்களை விலக்கிவிட்டு, அதை இறக்கி வைத்த பிறகுதான் அவன் பக்கத்தில் வந்து குந்தினார். இந்தத் தடவை அது இரண்டு மூச்சோடு போகவில்லை. நாற்பது நிமிடம் பிடித்தது. அத்தனை நேரமும் மணலை இரண்டு கையாலும் பற்றியிருந்தான்.

வீட்டில் அதைச் சொன்னபோது மனைவி அவன் விரல் இடுக்கில் ஒட்டியிருந்த மணலை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மேலே இருந்திருந்தால் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரே விரலைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சைகை வேலையும் போயிற்று. இப்போது அவனுக்குத் தரையில் தகரக் கொட்டகை அலுவலகத்தில் ஒரு மேசை. எந்தச் சாமானை எப்போது, எந்த வழியாகத் தூக்குவது என்று முன்கூட்டியே வரைந்து கொடுக்கும் வேலை. அதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று சூப்பர்வைசரே சொல்கிறார். மேலிருந்து பார்த்த கண் அப்படியே இருக்கிறது. காது பதினைந்து நாளைக்கு ஒரு தடவை அடைக்கிறது, திறக்கிறது. பாட்டு உண்டு. சோபா சமையலறைச் சுவரோடு நிலைத்துவிட்டது. வால்யூம் மைக்கைத் திரும்ப வாங்கிப் போய்விட்டான். இப்போது கீழ்வீட்டு நர்ஸ் அம்மாவின் டிவிக்கு அதே மாதிரி ஒரு சின்னப் பெட்டி கோத்துக் கொடுத்திருக்கிறானாம்.

ஆனால் மேசையில் அவனால் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடிவதில்லை. கையில் பென்சிலோடு கொட்டகையை விட்டு வெளியே வந்து, கண்ணுக்கு மேல் கையைக் குவித்து, கிரேனையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். கொக்கி கொஞ்சம் வேகமாக இறங்கினால் அவன் தோள் இறுகுகிறது. போன வாரம் மேலிருந்து ரேடியோவில் அந்தப் பெண் பேசினாள்.

“அண்ணே, உள்ள போங்க. நீங்க பார்த்துக்கிட்டே இருந்தா எனக்குக் கை நடுங்குது.”

சரி என்று கையை ஆட்டிவிட்டு உள்ளே போனான். மீசை பீடியைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருந்தார். பீடி பாதி தீர்வதற்குள் மறுபடி வந்து நின்றான்.